ஒரு சொல்லைக் காத்த மாநாடு

ஓய்வு பெற்றவனுக்கு ஆய்வு மாநாட்டில் என்ன வேலை என்று கேட்பீர்கள். க்ளீவ்லாந்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, பக்கத்து வீட்டு ஹங்கேரியப் பெரியவர் என்னையும் அழைத்துப் போனார். ஹங்கேரியின் வரலாறு, பண்பாடு பற்றி ஆண்டுதோறும் நடக்கும் மாநாடு. அவர் தவறவிடுவதே இல்லையாம்.

இசை, மொழி, நாட்டுப்புறக் கலை என்று கட்டுரைகள் வாசித்தார்கள். பாதி எனக்குப் புரியவில்லை. பிறகு 1956 வந்தது. அக்டோபர் 23-ல் புடாபெஸ்ட்டில் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நவம்பர் 4-ல் சோவியத் டாங்கிகள் புகுந்து அடக்கின. ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். பத்து வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்திரிய எல்லையைக் கடந்தவர் இவர்.

காபி இடைவேளையில் சொன்னார்: "எங்கள் நாட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கம் அதற்கு வைத்திருந்த பெயர் 'எதிர்ப்புரட்சி'. 'புரட்சி' என்று வாய்விட்டுச் சொல்ல இந்த மாதிரி வெளிநாட்டு மேடைகள்தான் இருந்தன."

1958-ல் தூக்கிலிடப்பட்ட பிரதமர் இம்ரே நாட்ஜை 1989 ஜூன் 16-ல்தான் மரியாதையோடு மறு அடக்கம் செய்தார்கள். அன்று டிவி முன்னால் அவருடைய அம்மா வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாராம்.

கட்டுரை வாசித்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அந்தப் பெண் தேதிகளைச் சொல்வதற்கு முன்பே இவர் உதடுகள் அசைந்தன. மாநாடு என்றால் பேராசிரியர்கள் பதவி உயர்வுக்காகக் கூடுவது என்று நினைத்திருந்தேன். ஊரில் சொல்லக்கூடாத சொல்லை, சொல்லும் காலம் வரும்வரை யாராவது பத்திரமாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது.