டிரைவர் பக்கத்துத் தகரம்

பெரியப்பா 16 வருஷம் ஷூட்டிங் கேரவன் ஓட்டினார். அதில் ஒரு ராத்திரிகூட கேரவனுக்குள் படுத்ததில்லை. ஸ்டியரிங்கில் தலை வைத்து, இல்லாவிட்டால் வண்டிக்கு அடியில் பாய் விரித்து. உள்ளே ஏசி ஓட வேண்டும் என்பதற்காக ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியவர் அவர்தான். ஓடாமல் நின்றுபோன அந்த வண்டியையே கடைசியில் பழைய இரும்பு விலைக்கு வாங்கி பிரம்மதேசத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். "வீடே ஒழுவுது, இவரு வண்டிக்கு மெத்த தைக்கப் போறாராம்" என்றார் பெரியம்மா. அதில் தப்பேதும் இல்லை.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை. எங்கள் பக்கமும் ஏரி எது, வயல் எது என்று தெரியவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு கேரவனைத் திறந்தால் உள்பலகை முழுக்க வயிறு உப்பி நின்றது. விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. எல்லாவற்றையும் பிரிப்பது என்று முடிவானது.

பீடிங்கை நெம்பி, ரிவெட்டைத் துளைபோட்டு எடுத்து, பலகையை ஒவ்வொன்றாக இறக்கினோம். பின்னாலிருந்து ஹேர்பின்கள், ஸ்டிக்கர் பொட்டு, காய்ந்த மேக்கப் ஸ்பாஞ்ச், தெர்மகோலைக் கடித்துக் கட்டிய ஒரு எலிக்கூடு. ஹீரோ ரூம் சுவரில் நல்ல கனத்தில் தெர்மகோல். நடு அறையில் பெயருக்குக் கொஞ்சம் கண்ணாடிப் பஞ்சு, அதுவும் தண்ணீர் குடித்துக் கீழே சரிந்து கிடந்தது. டிரைவர் கேபினில் பலகையைக் கழற்றினால் வெறும் தகரம். பெரியப்பா அதைப் புறங்கையால் இரண்டு தட்டு தட்டினார். "அதான்டா, மே மாசத்துல சீட்டு தோசக்கல்லு மாதிரி இருந்துச்சு." வேறெதுவும் சொல்லவில்லை. யாருக்கு எவ்வளவு நிழல் என்று பட்டறையிலேயே அளந்து வைத்திருக்கிறார்கள்.

யூடியூபில் வெள்ளைக்காரர்கள் வேன் கட்டும் வீடியோக்களைப் பார்த்தால், பஞ்சுக்கு மேல், உள்பக்கமாக, பிளாஸ்டிக் ஷீட் விரிப்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. உள்ளே மூச்சும் சமையலும் விடுகிற ஈரம் வெளியே போகும் வழியில் குளிர்ந்த தகரத்தில் வியர்க்கும், அதைத் தடுக்க வேண்டும். நமக்கு எல்லாம் தலைகீழ். மரக்காணத்து உப்பளக் காற்று ரிவெட் ஓட்டை வழியே நுழையும். உள்ளே ஏசி ஓடினால் பலகையின் முதுகு குளிர்ந்திருக்கும். ஈரம் அங்கே வியர்த்து நிற்கும். மழை ஒரு நாளில் செய்ததை அது வருஷக்கணக்கில் மெதுவாகச் செய்திருக்கிறது. ஆகவே நாம் அடைக்க வேண்டியது வெளிப்பக்கத்தை.

முதலில் துரு சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, வெளியே ரிவெட் தலைகளிலும் இணைப்புகளிலும் சீலண்ட் வைத்தோம். தகரத்தின் உள்முகத்தில் நைட்ரைல் ரப்பர் ஷீட்டை இடைவெளி இல்லாமல் ஒட்டினோம். ஏசி டக்டில் சுற்றுகிற அதே கறுப்பு ஷீட்தான். விலை அதிகம், ஆனால் தண்ணீர் குடிக்காது.

சதுரக் குழாய்ச் சட்டங்கள்தான் பெரிய இம்சை. இரும்பு தெர்மகோலைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். சட்டத்தின் மேல் நேராகப் பலகையை அடித்தால், இடையில் எவ்வளவு அடைத்திருந்தாலும் சூடு அந்த வழியாக நடந்து உள்ளே வந்துவிடும். ஒவ்வொரு சட்டத்தின் மேலும் ரப்பர் பட்டை, அதற்கு மேல் மரரீப்பர், அதன் மேல்தான் ப்ளைவுட். கார்பெண்டர் அண்ணன் "இதெல்லாம் யாரு பாக்கப் போறா தம்பி" என்று கேட்டுக்கொண்டே செய்தார். ஆனால் அளவு பிசகாமல் செய்தார்.

கூரைக்கு வெள்ளி ஃபாயில். அது பலகையோடு ஒட்டிக் கிடந்தால் வேலை செய்யாது, எதிரே காற்று இடைவெளி வேண்டும். தகரத்தைத் தொடாமல் ஒரு விரல்கடை விட்டு இழுத்துக் கட்டினோம்.

ரப்பர் ஷீட் கடைசியில் பற்றவில்லை. படுக்கும் அறையின் பின்சுவர், இல்லையென்றால் கேபின் கூரை, ஏதோ ஒன்றுக்குத்தான் வரும். வண்டி இனி எங்கேயும் ஓடப்போவதில்லை, எஃப்சி காலாவதியாகி எத்தனையோ வருஷம். கேபினில் யார் உட்காரப் போகிறார்கள் என்று நான் கேட்டேன்.

"மொதல்ல டிரைவர் தலைக்கு மேல ஒட்டு" என்றார் பெரியப்பா.

ஒட்டினோம். பின்சுவருக்கு இப்போதைக்குப் பழைய தெர்மகோல்தான், எலி விட்டுவைத்தது. ஜன்னல் கண்ணாடி ரப்பர் இன்னும் மாற்றவில்லை. ஐப்பசிக்குள் மாற்றியாக வேண்டும்.