கறிவேப்பிலைக்கு எந்த வெளிச்சம்?

ரொறன்ரோவில் பனிக்காலத்தில் தமிழர் வீடுகளுக்குப் போனால், பல வீடுகளில் யன்னலோரமாக ஒரு கறிவேப்பிலைச் சாடியைப் பார்க்கலாம். கோடை முழுக்கப் பின்வளவில் தளதளவென்று நின்ற கன்று, உள்ளே வந்த சில வாரங்களில் இலை கொட்டத் தொடங்கும். குளிர்தான் காரணம் என்று நினைத்துச் சிலர் அதை ஹீட்டருக்குப் பக்கத்தில் நகர்த்துவார்கள். வீட்டுக்குள் குளிர் இல்லை. குறைவது வெளிச்சம். டிசம்பர் கடைசியில் இங்கே பகல் ஒன்பது மணிநேரம்கூட நிறைவதில்லை. அந்தச் சாய்வெயிலிலும் முகிலும் கண்ணாடியும் தின்றது போக மிஞ்சுவதுதான் இலைக்கு. செடிக்கு ஒளிதான் சாப்பாடு. அது குறைந்தால், போஷிக்க முடியாத இலைகளைச் செடி உதிர்த்துவிடும்.

அதனால் விளக்கு வேண்டும். எந்த விளக்கு என்பதில்தான் குழப்பம். ஒன்று எச்பிஎஸ் எனப்படும் உயர் அழுத்த சோடியம் விளக்கு, மற்றது எல்இடி.

சோடியம் விளக்கு நமக்குப் பழக்கமானதுதான். தெருக்களில் பொன்மஞ்சளாக எரிந்தது அதுவே. 1960களில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பசுமைக்குடில் விவசாயிகள் பல பத்தாண்டுகள் அதை நம்பியதற்கு நியாயமான காரணம் உண்டு. ஒன்ராறியோவின் தென்மேற்கில் லெமிங்டன் பக்கம் போனால் பனிக்கால இரவில் குடில்களின் ஒளியில் வானமே நிறம் மாறித் தெரியும். தக்காளியும் வெள்ளரியும் விளையும் அத்தனை பெரிய கூடங்களில், விளக்கு தரும் சூடும் குளிரை விரட்டும் கூலியில்லா உதவி.

அதே சூடு சின்ன அறையில் தொந்தரவு. சோடியம் விளக்கின் அகச்சிவப்புக் கதிர் நேரே இலைமேல் விழும். கன்றைத் தள்ளி வைக்க உயரம் வேண்டும், நம் வீட்டு பேஸ்மென்ட் கூரைகளோ தாழ்ந்தவை. எரியத் தொடங்கினால் முழு ஒளிக்கு வர சில நிமிடமாகும். அணைத்தால், ஆறிய பிறகுதான் மறுபடி பற்றும். குழாய்க்குள் பாதரசமும் இருக்கிறது. பிள்ளைகள் ஓடி விளையாடும் வீட்டில் இதை நான் வைக்கமாட்டேன்.

எல்இடி எப்போதும் இவ்வளவு முந்தி நிற்கவில்லை. 2014இல் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜேக்கப் நெல்சனும் புரூஸ் பக்பீயும் வெளியிட்ட ஆய்வில், சிறந்த சோடியம் விளக்கும் சிறந்த எல்இடியும் ஒரு ஜூல் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 1.7 மைக்ரோமோல் என்று சமமாகவே நின்றன. மைக்ரோமோல் என்பது ஒளித்துகள்களை எண்ணும் கணக்கு. அந்த சோடியம் விளக்கு 1000 வாட் ராட்சதன். வீட்டுக்கு ஏற்ற சிறியவை அந்தத் திறனை எட்டுவதில்லை. இன்று நல்ல எல்இடி 2.5ஐத் தாண்டிவிட்டது. அதே ஒளிக்கு மின்சாரமும் குறைவு, சூடும் குறைவு.

வெள்ளை எல்இடியில் எனக்குப் பிடித்த இன்னொரு குணம், அது இலையை உள்ளபடி காட்டுவது. கறிவேப்பிலையில் நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி வெளிறினால் இரும்புச்சத்துக் குறைபாட்டைச் சந்தேகிக்கலாம். தண்டில் ஒட்டும் செதில்பூச்சியையும் நேரத்தோடு பிடிக்கலாம். சோடியத்தின் மஞ்சளில் எல்லா இலையும் ஒரே நிறம். நோய் முற்றிய பிறகுதான் கண்ணுக்குப் படும்.

வாங்கும்போது பெட்டியில் பெரிதாக அச்சிட்ட '1000 வாட்' என்பதை நம்பவேண்டாம். பல மலிவு விளக்குகள் உண்மையில் இழுப்பது அதில் பத்தில் ஒரு பங்குதான். லூமென் கணக்கும் உதவாது. அது மனிதக் கண்ணுக்கான அளவு. செடி ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்துவது பெரும்பாலும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையான ஒளியை. எனவே உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது, ஜூலுக்கு எத்தனை மைக்ரோமோல் என்ற இரண்டையும் கேளுங்கள். பதில் தராத விளக்கை விட்டுவிடுங்கள்.

நான்கடி நீளம், இரண்டடி அகலமான தட்டுக்கு உண்மையாகவே 100 வாட் இழுக்கும் நல்ல எல்இடி போதும். நாளுக்கு 14 மணிநேரம் எரித்தால் கீரையும் புதினாவும் கறிவேப்பிலையும் வளரும். மிளகாயும் தக்காளியும் நன்றாகக் காய்க்க ஏறக்குறைய இரட்டிப்பு ஒளி வேண்டும். ஒரு டைமரையும் சேர்த்து வாங்குங்கள், செடிக்கு இருட்டும் தேவை.

இப்படி எரித்தால் மாதம் சுமார் 42 யூனிட் செலவாகும். கடையில் கறிவேப்பிலை கிடைக்காமல் இல்லை. ஆனாலும் வெளியே உறைபனி கிடக்கும் மாசி மாதத்தில், தாளிக்கும் நேரம் பார்த்துச் சாடியிலிருந்து ஒரு நெட்டு முறித்துச் சட்டியில் போட முடியுமானால், அந்த மின்கட்டணத்தை நான் மனநிறைவோடு கட்டுவேன்.