இலைக்குள்ள போய்த் திரும்பி வாற காற்று

ஓ/எல் விஞ்ஞானத்தில் ஒளித்தொகுப்பு ஒரு வரிச் சமன்பாடு. காபனீரொட்சைட்டு உள்ளே, ஒட்சிசன் வெளியே. சோதனைக்கு அது காணும். ஆனா இலைக்குள்ள போற காபனீரொட்சைட்டு எல்லாம் அங்கேயே நிக்கிறதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் இலை சீனியாக்குது. மிச்சம் வந்த இலைவாயாலேயே திரும்பி வெளியே போகுது. அதுவும் வெறுங்கையோட போறதில்லை.

ஒட்சிசன் அணுக்களில் ஆயிரத்துக்கு இரண்டு, கொஞ்சம் பாரமான ஒட்சிசன்-18. இலையில இருந்து தண்ணீர் ஆவியாகேக்க பாரம் குறைஞ்ச மூலக்கூறுகள் லேசா ஓடிவிடும். பாரமானவை இலைக்குள்ள தேங்கும். காபனிக் அன்ஐதரேசு எண்ட நொதியம் (எங்கட செங்குருதிக் கலங்களிலும் இருக்கிறதுதான்) காபனீரொட்சைட்டைத் தண்ணீரோட சேர்த்துப் பிரிக்குது. அந்த நேரத்தில இரண்டும் ஒட்சிசனை மாத்திக்கொள்ளுதுகள். ஆகவே வெளியே வாற காபனீரொட்சைட்டில் இலைத்தண்ணீரின்ர அடையாளம் பதிஞ்சிருக்கும். மண்ணில இருந்து வாறதில அந்தப் பாரம் குறைவு. கிரஹாம் ஃபார்குவாரும் சக ஆய்வாளர்களும் 1993இல் இதை உலக அளவில் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

எனக்குப் பெரிசாப் பட்டது 2011இல் வந்த ஸ்கிரிப்ஸ் நிறுவன ஆய்வு. ஹவாயின் மவுனா லோவாவில் 1958இல் சார்ல்ஸ் கீலிங் தொடங்கிய அளவீட்டின் தொடர்ச்சி அது. எல் நினோ காலத்தில் வெப்பவலயத்தில் மழையும் ஈரப்பதனும் மாற, காற்றில ஒட்சிசன்-18 கூடுது. பிறகு மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புது. காபனீரொட்சைட்டு எவ்வளவு அடிக்கடி இலைக்குள்ள போய் வருதோ, அவ்வளவு கெதியா அது திரும்பும். முப்பது வருசத் தரவை வைச்சுப் பார்த்தால், தாவரங்கள் வருசத்துக்கு 15,000 முதல் 17,500 கோடி தொன் காபனை எடுக்குதுகள் எண்டு வந்தது. அதுவரை எல்லாரும் பாவிச்ச எண் 12,000 கோடி.

நாங்கள் எரிக்கிற நிலக்கரி, எண்ணெய், வாயுவில இருந்து போற காபன் வருசத்துக்கு ஏறக்குறைய 1,000 கோடி தொன். அதாவது இரண்டு கணக்குக்கும் இடையில இருக்கிற வித்தியாசமே அதைப்போல சில மடங்கு.

உடனே "அப்ப மரங்கள் எங்கட புகையைக் குடிச்சு முடிச்சிடும்" எண்டு நினைக்கவேண்டாம். எடுத்ததில் பெரும்பங்கைத் தாவரங்களின்ர சுவாசமும் மண் நுண்ணுயிர்களும் திருப்பி விடுதுகள். கூட எடுக்கிறதெண்டால் கூடத் திரும்புது எண்டும் அர்த்தம். காபன் நிலத்தில தங்குற காலம் நினைச்சதை விடக் குறைவு.

அதனாலதான் மரநடுகைப் படங்களைப் பார்க்கேக்க எனக்கு எண்ணிக்கை பெரிசாத் தெரியிறதில்லை. எத்தனை கண்டு நட்டது எண்டதை விட, அதுகள் எடுத்த காபன் எத்தனை வருசம் மரத்திலயும் மண்ணிலயும் நிக்கும் எண்டதுதான் கேக்கவேண்டிய கேள்வி. நிக்கிற பழைய காட்டை வெட்டிப்போட்டுப் புதுசா நடுற ஆக்களிட்ட அதை முதல்ல கேக்கவேணும்.