பழவேற்காட்டு ஏரியும் ஆதாமின் பாடும்

சென்னைக்கு வடக்கே, பொன்னேரியைக் கடந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் நிலம் ஒடுங்கி நீர் விரியத் தொடங்குகிறது. அதுவே பழவேற்காடு. ஒரு பக்கம் வங்கக் கடல்; மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் ஏரி; இரண்டையும் பிரித்து நிற்கும் மணல்திட்டு. நம் நாட்டு உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெருமை இதற்கு உண்டு. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் உள்ளது. தென்பகுதியே தமிழகத்தைச் சேர்ந்தது. மழைக்காலத்தில் ஆரணியாறு போன்ற ஆறுகள் நன்னீரைக் கொணர்கின்றன; கடலோ முகத்துவாரத்தின் வழியே உப்புநீரை அனுப்புகிறது. இவ்விரண்டும் கலந்த நீரில்தான் இறாலும் நண்டும் மடவையும் பெருகி வளர்கின்றன. பனிக்காலத்தில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து, ஆழமற்ற நீரில் தலைகவிழ்ந்து இரைதேடும் காட்சியைக் கண்டவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

சென்ற குளிர்காலத்தில் இவ்வூரிலும் இதைச் சூழ்ந்த குப்பங்களிலும் சில நாட்கள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. மறைக்கல்வி வகுப்புகளில் ஆண்டுதோறும் நாம் விளக்கிவரும் ஒரு பாடத்தை இந்த ஏரிக்கரை நமக்கு மீண்டும் விளக்கியது. ஆதியாகமத்தின், அதாவது தொடக்க நூலின், முதல் மூன்று அதிகாரங்களே அப்பாடம்: மனிதனின் படைப்பும் வீழ்ச்சியும்.

கோட்டையும் கல்லறையும்

பழவேற்காட்டின் வரலாறு நெடியது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் இங்கு வந்தனர். மகிமை மாதா ஆலயத்தின் தோற்றம் 1515ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பது மரபு. அவர்களுக்குப் பின் ஒல்லாந்தர் வந்து, 1613இல் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டி முடித்தனர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வாணிகத்துக்கு இவ்வூரே தலைநகராக விளங்கியது. இன்று கோட்டை இருந்த இடத்தில் மேடும் புதருமே மிஞ்சியுள்ளன. ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் வாயிலில் கல்லில் செதுக்கிய இரு எலும்புக்கூடுகள் நின்று வருவோரை எதிர்கொள்கின்றன. மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட மனிதன் மண்ணுக்கே திரும்புவான் என்று ஆண்டவர் ஆதாமுக்கு உரைத்த தீர்ப்பை இதைவிடத் தெளிவாக எந்தச் சிற்பியும் செதுக்கியிருக்க முடியாது.

ஆதாம் என்னும் பெயருக்கு எபிரேய மொழியில் மனிதன் என்பது பொருள். மண்ணைக் குறிக்கும் அதாமா என்ற சொல்லோடு அதனை இணைத்துப் பேசுகிறது மறைநூல். ஆயினும் அந்த மண்பிண்டத்துள் இறைவன் தம் உயிர்மூச்சை ஊதினார். ஆணும் பெண்ணுமாக மனிதரைத் தம் சாயலில் படைத்தார். அரசனுக்கு மட்டும் அந்தச் சாயல் என்று கூறவில்லை. ஓர் இனத்துக்கு மட்டும் என்றும் கூறவில்லை.

இதை நினைத்துக்கொண்டு அந்தக் கோட்டைமேட்டைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. ஏனெனில் இங்கிருந்து துணி மட்டும் ஏற்றுமதியாகவில்லை. 17ஆம் நூற்றாண்டில் பஞ்சத்தாலும் போராலும் நலிந்த மக்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக விலைபேசப்பட்டு, இக்கரையிலிருந்து படாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றப்பட்டனர். வாங்கியவர்கள் யார்? விவிலியத்தை வீட்டில் வைத்து வாசித்த கிறிஸ்தவர்கள். இறைச்சாயலைப் பற்றி ஞாயிறுதோறும் கேட்டவர்கள், திங்களன்று அதே சாயலுக்கு விலை குறித்தனர். வீழ்ச்சியின் கதை பழங்கதை என்று எண்ணுவோர் இந்த மேட்டில் சிறிது நேரம் நின்று பார்க்கட்டும்.

பாடு என்னும் ஒழுங்கு

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய மீனவ ஊர்களில் தொன்றுதொட்டு ஓர் ஒழுங்கு நிலவி வருகிறது. அதற்குப் 'பாடு' என்று பெயர். முகத்துவாரத்தை அடுத்து இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களில் நினைத்தவர் நினைத்த நாளில் வலை கட்ட இயலாது. உரிமையுள்ள தலைக்கட்டுகள் குழுக்களாகப் பிரிந்து, சீட்டுப் போட்டு, எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று முறைவைத்துக்கொள்கின்றனர். தம் முறை வரும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

கரையில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், “இன்று நீங்கள் போகவில்லையா?” என்று வினவினோம். “இன்னிக்கு அவங்க பாடு, சாமி. நாங்க வலை வைக்கக் கூடாது” என்றார். “இன்று இறால் நிறைய வருகிறதே?” என்றோம். அவர் சிரித்தார். “வரட்டும் சாமி. அவங்களுக்கும் புள்ளைகுட்டி இருக்கில்ல?” என்று கூறிவிட்டு, ஊசியை எடுத்து மீண்டும் வலைக்கண்ணைப் பின்னத் தொடங்கினார்.

ஏதேன் தோட்டத்தில் இறைவன் விதித்ததும் இத்தகைய ஓர் எல்லைதான். தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதனை அவர் அங்கு வைத்தார். எல்லா மரங்களின் கனிகளையும் தாராளமாகத் தந்தார்; ஒரே ஒரு மரத்தை மட்டும் விலக்கினார். கொடுத்தவை எண்ணற்றவை; விலக்கியதோ ஒன்று. அந்த ஒன்று எதற்காக? தோட்டம் தன்னுடைய சொத்து அன்று, பெற்றுக்கொண்ட கொடை என்பதை மனிதன் மறவாதிருப்பதற்காக. எல்லையை ஏற்றுக்கொள்கிறவன் கொடுத்தவரை ஏற்றுக்கொள்கிறான். அடுத்தவனுக்கும் இடம் விடுகிறான்.

பாம்பின் தந்திரம் கனியைப் புகழ்வதில் தொடங்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இறைவன்மீது ஐயத்தை விதைப்பதில்தான் தொடங்கியது. நீங்கள் உயர்ந்துவிடக் கூடாதென்றே அவர் தடுத்தார் என்று அது ஓதியது. நம்பிக்கை முதலில் உடைந்தது. கை பிறகுதான் நீண்டது. 1992இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இவ்வாறே விளக்குகிறது: படைத்தவர்மீது கொண்டிருந்த நம்பிக்கையை மனிதன் தன் உள்ளத்தில் சாகவிட்டான், அதிலிருந்தே கீழ்ப்படியாமை பிறந்தது. இவ்வதிகாரங்கள் உருவக மொழியைக் கையாளுகின்றன என்றும், ஆயினும் மனித வரலாற்றின் தொடக்கத்தில் உண்மையாக நிகழ்ந்த ஒன்றையே அறிவிக்கின்றன என்றும் அந்நூல் கற்பிக்கிறது. மனித உடலின் தோற்றத்தைக் குறித்து அறிவியல் ஆராய்வதைத் திருச்சபை தடுக்கவில்லை. 12ஆம் பத்திநாதர் 1950இலும், 2ஆம் யோவான் பவுல் 1996இலும் இதைப் பற்றிப் பேசியுள்ளனர். ஆன்மா இறைவனால் நேரடியாகப் படைக்கப்படுகிறது என்பதில் மட்டும் மாற்றமில்லை.

ஆனால் பாடு முறையைப் புகழ்ந்துவிட்டு நாம் அப்படியே நகர்ந்துவிடுதல் நேர்மையாகாது. பிறப்பாலும் ஊராலும் உரிமை பெற்றவர்களுக்கே இதில் இடமுண்டு. நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்கும், பிற்காலத்தில் வேறு வழியின்றி இத்தொழிலுக்கு வந்த ஏழைகளுக்கும் அந்த நல்ல இடங்களில் பங்கில்லை. இதனால் மனத்தாங்கலும் பூசலும் எழுந்ததுண்டு. மனிதன் அமைக்கும் மிகச் சிறந்த ஒழுங்கிலும் யாரோ ஒருவர் வேலிக்கு வெளியே நிற்கிறார். நன்மை முற்றும் அழிந்துவிடவில்லை. ஆனால் எதுவும் காயமின்றித் தப்பவுமில்லை. வீழ்ச்சியைக் குறித்துத் திருச்சபை போதிப்பதும் இதுவே: மனித இயல்பு முழுவதும் கெட்டொழியவில்லை, காயப்பட்டிருக்கிறது.

பழியை அடுத்தவர்மேல் போடுதல்

ஏரியில் மீன் ஏன் குறைந்தது என்று கேட்டுப் பாருங்கள். சிறுகண் வலை போட்டுக் குஞ்சுகளையும் வாரிச் செல்லும் அடுத்த ஊராரை ஒருவர் சுட்டுவார். அவர்களோ தெற்கே எண்ணூர்ப் பக்கம் எழுந்த ஆலைகளையும் துறைமுகங்களையும் காட்டுவர். வேறு சிலர் மழையையும் காலத்தையும் நொந்துகொள்வர். எல்லாரும் ஒரே அளவில் குற்றவாளிகள் என்று நாம் கூற வரவில்லை. அன்றாடக் கஞ்சிக்காக எல்லை மீறுகிற ஏழையும், பெரும் இலாபத்துக்காக மீறுகிற வலியவனும் ஒன்றாகார். ஆனால் “நீ எங்கே இருக்கிறாய்?” என்ற பொருள்பட இறைவன் கேட்டபோது, ஆதாம் ஏவாளைக் காட்டினான், ஏவாள் பாம்பைக் காட்டினாள். “நான்தான்” என்று சொல்ல அங்கே ஒருவருமில்லை.

குடும்பங்களில் இது நடப்பதில்லையா? பிள்ளை படிப்பில் பின்தங்கினால் தாய்மீது தந்தையும், தந்தைமீது தாயும் குறை கூறுவதில்லையா? ஒரே உடலாய் இணைந்த இருவர் ஒருவரையொருவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதே பாவத்தின் முதல் விளைவு. ஏவாளைச் சாக்கிட்டுப் பெண்குலத்தையே பழிப்பவர்கள், ஆதாமும் அக்கனியை உண்டதை ஏனோ மறந்துவிடுகிறார்கள். இறைவனோடும் பிறரோடும் நிலத்தோடும் நமக்குள்ள உறவுகள் மூன்றுமே பாவத்தால் முறிந்தன என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட தம் சுற்றுமடலில் எடுத்துரைத்தார். பழவேற்காட்டில் அம்மூன்றையும் ஒரே கரையில் காணலாம்.

ஒரு தாயின் கேள்வி

ஒருநாள் மாலை, தன் குழந்தைக்குத் திருமுழுக்குப் பெற நாள் குறிக்க வந்த இளந்தாய் ஒருத்தி நம்மிடம் கேட்டாள்: “சாமி, ஆதாம் ஏவாள் பழத்தைத் தின்னாங்க. இந்தப் பச்சைப்புள்ள என்ன பண்ணிச்சு? இதுக்கு எதுக்குப் பாவம்?”

நல்ல கேள்வி, பல பெற்றோர் கேட்க நினைத்துக் கேளாமல் விடும் கேள்வி. நாம் முகத்துவாரம் இருந்த திசையைக் காட்டி, “அது அடைபட்டால் என்ன ஆகும், அம்மா?” என்று கேட்டோம். மீனவப் பெண்ணுக்கு விளக்கவா வேண்டும்? “ஏரி செத்துடும் சாமி” என்றாள்.

ஆம், கோடைக்காலத்தில் மணல் சேர்ந்து முகத்துவாரம் மேடிட்டுப் போவதுண்டு. கடலில் முட்டையிலிருந்து வெளிவரும் இறால் குஞ்சுகள் அந்த வாயில் வழியாகத்தான் ஏரிக்குள் வந்து வளர்ந்து, பின் கடலுக்குத் திரும்புகின்றன. வாயில் அடைபட்டால் வரத்து நின்றுபோகும். நீர் வற்றி உப்புக் கரிக்கும். அவ்வேளையில் ஏரிக்குள் பிறக்கும் மீன்குஞ்சு என்ன குற்றம் செய்தது? ஒன்றும் செய்யவில்லை. ஆயினும் அடைபட்ட ஏரியிலேயே அது பிறக்கிறது. அந்த மணலைத் தள்ளிவிட அதனால் ஆகாது.

சென்மப் பாவம் என்று நம் முன்னோர் கூறிய பிறப்புநிலைப் பாவமும் இத்தகையதே. அது குழந்தை தானாகச் செய்த குற்றமன்று. குழந்தை பிறந்திருக்கும் நிலை. நம் முதற்பெற்றோர் இழந்த தூய அருள்வாழ்வை அவர்களால் நமக்கு வழங்க முடியவில்லை. தம்மிடம் இல்லாததை யார் கொடுக்க முடியும்? 1546இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் இதனை வரையறுத்தபோது, திருமுழுக்கினால் அப்பாவம் உண்மையாகவே நீங்குகிறது என்றும், தீமையின்பால் சாயும் நாட்டம் மட்டும் போராட்டத்துக்காக எஞ்சியிருக்கிறது என்றும் போதித்தது. வாயில் திறக்கப்பட்ட பின்னும் அலை மணலைக் கொண்டுவந்து சேர்ப்பதுபோல என்று கொள்ளலாம். ஆகவேதான் திருமுழுக்குப் பெற்ற நமக்கும் ஒப்புரவு அருட்சாதனமும் நற்கருணையும் நாள்தோறும் செபமும் தேவைப்படுகின்றன.

“அப்ப சீக்கிரமே குடுத்துடுங்க சாமி” என்று கூறி அந்தத் தாய் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

பாடும் பாடுகளும்

நம் மொழியில் பாடு என்ற சொல்லுக்கு உழைப்பு என்றும் துன்பம் என்றும் பொருளுண்டு. நெற்றி வியர்வை நிலத்தில் விழ உண்பாய் என்று ஆதாமுக்குக் கிடைத்த தீர்ப்பைப் பாடுபட்டு உண்பது என்கிறோம். மீனவருக்கோ அது முறையாய்க் கிடைத்த பங்கு. நம் ஆண்டவரின் துன்பங்களையும் நாம் திருப்பாடுகள் என்றே அழைக்கிறோம். ஆதாம் தனக்கில்லாததைப் பறித்தான்; புதிய ஆதாமாகிய இயேசு தமக்குரியதையும் பற்றிக்கொள்ளவில்லை. ஆதாமின் பாட்டைத் தம் பாடாக அவர் ஏற்றுக்கொண்டார். ஒருவனின் கீழ்ப்படியாமையால் பலர் பாவிகளானதுபோல், ஒருவரின் கீழ்ப்படிதலால் பலர் நேர்மையாளராகின்றனர் என்னும் புனித சின்னப்பரின் போதனை இதுவே.

வீழ்ச்சி நிகழ்ந்த அதே அதிகாரத்தில், பெண்ணின் வித்துப் பாம்பின் தலையை நசுக்கும் என்ற வாக்குறுதியும் இருக்கிறது. 2ஆம் நூற்றாண்டிலேயே புனித இரேனேயு மரியன்னையைப் புதிய ஏவாளாகக் கண்டார்: ஏவாளின் கீழ்ப்படியாமை கட்டிய முடிச்சை மரியாளின் கீழ்ப்படிதல் அவிழ்த்தது என்றார். 1854இல் அமல உற்பவம் விசுவாச சத்தியமாக அறிக்கையிடப்பட்டது. அந்த வாயில் ஒருபோதும் அடைபடாத ஒருத்தி நம் இனத்தில் உண்டு என்பதே அதன் நற்செய்தி. ஏரிக்கரை மக்கள் அவளை மகிமை மாதா என்று அழைப்பது எத்துணைப் பொருத்தம்!

அன்பார்ந்த குடும்பங்களே, பிள்ளைகளுக்கு ஆதாம் ஏவாள் வரலாற்றைச் சொல்லும்போது பழத்தோடும் பாம்போடும் நிறுத்திவிடாதீர்கள். கொடுத்தவரை நினைக்கவும், தம் முறைக்குக் காத்திருக்கவும், தவறியபோது “நான்தான்” என்று சொல்லவும் பழக்குங்கள். வீட்டின் உணவு மேசையில், நிலத்தின் வரப்பில், அலுவலகத்தின் கோப்பில், ஏரியின் நீரில், எங்கும் நமக்கென ஒரு பங்கும் பிறர்க்கென ஒரு பங்கும் குறிக்கப்பட்டிருக்கிறது. பாஸ்கா இரவில் திருச்சபை ஆதாமின் குற்றத்தையே பேறாகப் போற்றத் துணிகிறது. அத்துணைப் பெரிய மீட்பர் அதனால் நமக்குக் கிடைத்தார். அந்த மீட்பருடைய பாட்டில் பங்குபெற்றவர்கள் நாம். அடுத்தவர் பாட்டில் கைவைக்காதிருப்போம். நம் பாட்டிலும், வேலிக்கு வெளியே நிற்பவருக்கு ஓர் இடம் விடுவோம்.