45 நாள் கணக்கு

'கவாத்து' என்றதும் போலீஸ் மைதானமும் லெஃப்ட் ரைட்டும்தான் ஞாபகம் வருகிறதா? அப்படியானால் உங்கள் வீட்டில் ரோஜாச் செடி இல்லை என்று அர்த்தம்!

தாம்பரத்தில் எங்கள் வாசலில் ஒரு பன்னீர் ரோஜா. அப்பா நட்டது. வருஷா வருஷம் மழை விட்டதும் அவரே வெட்டிவிடுவார். போன தை மாசம் அப்பா போய்விட்டார். செடி ஜன்னலைத் தாண்டி வளர்ந்து, நெல்லிக்காய் சைஸில் பூத்துக்கொண்டிருந்தது.

"அவர் கை பட்ட செடி. கத்தரியைத் தூக்கிக்கிட்டு கிட்ட வராதே!" என்றாள் அம்மா.

நான் பி.காம். "காய்ஞ்ச குச்சியெல்லாம் வாராக்கடன்மா. தள்ளுபடி பண்ணினாத்தான்..."

"உங்கப்பா நட்டது உனக்கு வாராக்கடனா?"

அன்றைக்கு அதோடு சரி.

ரோஜா பூப்பது புதுத் துளிரின் நுனியில். பழசை வெட்டினால்தான் வலுவான துளிர் வரும். நம் சமவெளிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கவாத்துக் காலம். ஆனால் சென்னைப் பக்கம் அக்டோபர், நவம்பரில் அடைமழையாச்சே! வெட்டின வாயில் ஈரம் தங்கி, பூஞ்சணம் பிடித்து, குச்சி நுனியிலிருந்து கருகிக்கொண்டே இறங்கும். அதனால் டிசம்பர் பாதிக்கு மேல்தான் என்பது அப்பா கட்சி. நானும் அதே கட்சி. சித்திரை வெயிலில் மட்டும் வேண்டவே வேண்டாம், சார்.

வெட்டினதிலிருந்து சுமார் 45 நாளில் பூ. ஓசூர் விவசாயிகள் பிப்ரவரி 14-ஐக் குறிவைத்து டிசம்பர் கடைசியிலேயே வெட்டிவிடுகிறார்கள். காதலைச் சொல்லலாமா வேண்டாமா என்று நீங்கள் நகம் கடித்துக்கொண்டிருக்கும்போதே, அங்கே உங்கள் ரோஜா தயாராக ஆரம்பித்துவிடுகிறது!

இந்தக் கணக்கைத்தான் அம்மாவிடம் எடுத்துவிட்டேன். "பிப்ரவரி முதல் வாரம் அப்பாவுக்கு வருஷ திதி. டிசம்பர் 20 வாக்கில் வெட்டினா, படத்துக்கு வீட்டுப் பூவே போடலாம்."

அம்மா காலண்டரை இறக்கி விரல்விட்டு எண்ணினாள். உள்ளே போனவள், அப்பாவின் கத்தரியோடு வந்தாள். அதற்கு எண்ணெய்கூடப் போட்டு வைத்திருக்கிறாள்!

முதலில் காய்ந்தது, நோய் பிடித்தது, ஒன்றோடொன்று உரசுவது எல்லாம் காலி. அப்புறம் நல்ல குச்சிகளைப் பாதி உயரத்துக்கு, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டினேன். வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடைக் குழைத்துத் தடவினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் "போதும்டா... போதும்டா..." என்று பின்னணி இசை.

வெட்டினதைப் பெருக்கித் தள்ளப் போனால், அம்மா பென்சில் தடிமன் குச்சிகளாகப் பொறுக்கி, பழைய பெயிண்ட் டப்பாக்களில் மண் போட்டு நட ஆரம்பித்துவிட்டாள். பன்னீர் ரோஜா குச்சியிலேயே வேர்விடும். "உன் தங்கச்சிக்கு ஒண்ணு, சித்தப்பாவுக்கு ஒண்ணு..."

இதை எழுதும் இன்று 38-வது நாள். பதினோரு மொட்டு. தினம் காலையில் காபிக்கு முன்னால் எண்ணிச் சொல்வது அம்மாதான்.