செம்மண் பாதையில் ஒரு குட்டிக் கார்

ஈப்போவில் இருக்கும் அப்பாவை அவர் வேலை செய்த தோட்டத்துக்கு ஒருமுறையாவது கூட்டிப்போக வேண்டும் என்று பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். "அங்க என்னம்மா இருக்கு? லயத்த இடிச்சாச்சு. செம்பனைதான் நிக்குது" என்பார். வானொலியில் தினமும் மணிக்கணக்கில் பேசுகிறவள் நான். அப்பாவிடம் மட்டும் என் பேச்சு எடுபடவே இல்லை. கடைசியில் அவரைக் கிளப்பியது அக்கா மகனின் ரிமோட் கார்.

அவனுக்கு 12 வயது. தீபாவளி அன்பளிப்புப் பணத்தையெல்லாம் சேர்த்து, நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தான். பள்ளி விடுமுறைக்கு வந்தவனுக்குத் தாமானின் தார் ரோடு இரண்டே நாளில் அலுத்துவிட்டது. "செம்மண் ரோடு எங்க இருக்கு தாத்தா?" என்று கேட்டான். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம தோட்டத்துல ஸ்டோருக்குப் போற பாதை செம்மண்தான்" என்றார்.

சனிக்கிழமை காலை புந்தோங்கில் கச்சான் பூத்தே இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு சுங்கை சிப்புட் பக்கம் வண்டியை விட்டோம். ஈப்போவை விட்டு வெளியேறும்போது சுண்ணாம்புக் குன்றுகள் கொஞ்ச தூரம் கூடவே வந்தன. நாட்டின் ரப்பர் கதை தொடங்கிய இடங்களில் ஒன்று இந்தப் பக்கம்தான். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளில் 9 கன்றுகளைக் கோலகங்சாரில் நட்டார்கள். அந்தக் காலத்து மரம் ஒன்று அங்கே மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் இன்னும் நிற்கிறது. சுங்கை சிப்புட்டோ துன் சம்பந்தன் பிறந்த ஊர். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்த காலத்தில், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கியவர் அவர். அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் தோட்டத்தில் பால்மரம்தான் இருந்தது. ஓய்வு பெறும்போது முழுக்கச் செம்பனை ஆகிவிட்டிருந்தது.

தோட்டத்தில் மிச்சம் இருந்தது மாரியம்மன் கோயிலும் அந்தச் செம்மண் பாதையும்தான். அப்பா காரை விட்டு இறங்கவே இல்லை. பையன் மட்டும் ஓடினான். நேர்ப்பாதையில் குட்டிக் கார் சீறிப் போனது. வளைவில் ஈர மண்ணைத் தொட்டதும் முன்சக்கரம் ஒன்று மட்டும் வெறுமனே சுழன்றது. கார் நகரவில்லை. மூன்று முறையும் அதே கதை.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்பா இறங்கி வந்து, காரைத் தூக்கி, முன்சக்கரம் ஒன்றைத் திருகினார். மறுபக்கச் சக்கரம் எதிர்த்திசையில் தடையே இல்லாமல் சுற்றியது. "டிஃப்ல எண்ணெய் கசிஞ்சிருச்சு. மிச்சம் இருக்கறதும் கெட்டுப்போயிருக்கும்" என்றார்.

வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடுவதுதான் டிஃபரென்ஷியலின் வேலை. ஆனால் ஒரு சக்கரம் சேற்றில் பிடியில்லாமல் நின்றால், சுழற்சியெல்லாம் அந்தப் பக்கமே போய்விடும். "டிராக்டர்ல டிஃப் லாக்குன்னு ஒரு மிதி இருக்கும். மழையில குலையை ஏத்திக்கிட்டு வரும்போது டயர் வழுக்குனா அதை மிதிப்போம். ரெண்டு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். மேடேறினதும் விட்டுரணும், இல்லாட்டி வண்டி திரும்பாது." குட்டிக் காரில் மிதி கிடையாது. டிஃபுக்குள் இருக்கும் கெட்டியான சிலிகான் எண்ணெய்தான் அந்த வேலையில் கொஞ்சத்தைச் செய்கிறது. அதன் கெட்டித்தன்மைக்கு எண் உண்டு. தண்ணீர் ஏறக்குறைய 1 என்றால், இந்த எண்ணெய் பல ஆயிரத்தில் இருக்கும். எண் கூடக் கூட இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றப் பார்க்கும்.

அன்று சாயங்காலம் வீட்டுப் பின்புறம் பழைய நாளிதழை விரித்து உட்கார்ந்தோம். நான்கு திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தால், உள்ளே நிறமில்லாமல் தெளிவாக இருக்க வேண்டியது கறுத்த கூழாக இருந்தது. பையன் கிருமிநாசினி ஆல்கஹாலை ஊற்றித் தேய்த்தான். கூழ் அசையவே இல்லை. சிலிகான் எண்ணெய் தண்ணீரிலும் கரையாது, ஆல்கஹாலிலும் சரியாகக் கரையாது. அப்பா ஹார்ட்வேர் கடையிலிருந்து ஒயிட் ஸ்பிரிட் வாங்கிவரச் சொன்னார். "தின்னர் வேணாம், பிளாஸ்டிக்கத் தின்னுரும். வீட்டுக்குள்ளயும் வேணாம், நெருப்புப் பக்கத்துலயும் வேணாம்."

முதலில் டிஷ்யூவால் முடிந்தவரை வழித்தெடுத்தோம். பிறகு ஜாடியில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றி, நான் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடப் போனேன். "ரப்பர எடு, ரப்பர எடு!" என்று அப்பா கத்தினார். எண்ணெய் கசியாமல் தடுக்கும் கறுப்பு வளையங்களைச் சொன்னார். "பால்மரத் தோட்டத்துல பொறந்துட்டு இதுகூடத் தெரியலையா? மண்ணெண்ணெய், பெட்ரோல்ல ஊறினா ரப்பர் உப்பிரும்." வளையங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவித் துடைத்தோம். பல்சக்கரங்களை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் பல் பல்லாகத் தேய்த்தோம். மறுபடி சோப்பு, தண்ணீர், நன்றாக உலர்த்தல். அழுக்கு ஸ்பிரிட்டைச் சாக்கடையில் கொட்ட அப்பா விடவில்லை. ஜாடியை மூடி வைத்தால் அழுக்கு அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை அடுத்த முறைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

"இதெல்லாம் எங்க படிச்சீங்க தாத்தா?" என்று பையன் கேட்டான். 30 வருடங்களுக்கு மேல் அவருக்கு மகளாக இருந்தும் நான் கேட்காத கேள்வி அது.

"தோட்டத்துப் பட்டறையிலதான். சேர்ந்ததும் ஒரு வருஷம் ஸ்பானரத் தொடவே விடல. கழுவுறது மட்டும்தான் வேலை. எனக்குக் கோவமா வரும். அப்புறம்தான் புரிஞ்சுது. கழுவினாத்தான் எது தேஞ்சிருக்குன்னு தெரியும்."

சொல்லிக்கொண்டே ஒரு சின்னப் பல்சக்கரத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். இரண்டு பற்கள் மழுங்கியிருந்தன. கூழுக்குள் இருந்தவரை அது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

மறுநாள் பொம்மைக் கார் கடையில் புதுப் பல்சக்கரமும் 7,000 எண் எண்ணெயும் வாங்கினோம். உள்ளே இருக்கும் குறுக்கு ஊசி மூழ்கும் வரை ஊற்றி, குமிழிகள் அடங்கக் காத்திருந்தோம். மூடும்போது அப்பாவின் விரல்கள் நடுங்கின. திருகாணி இரண்டு முறை கீழே விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் திருப்புளியைப் பேரனிடம் நீட்டினார். "ஒரே பக்கமா முறுக்காத. எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா."

அடுத்த சனிக்கிழமை விடிவதற்குள் அப்பா சட்டை போட்டுத் தயாராக இருந்தார். அதே வளைவு, அதே ஈர மண். கார் லேசாகத் திணறி, இரண்டு முன்சக்கரங்களும் மண்ணைப் பிடித்து மேடேறியது. பையன் கத்திய கத்தலில் செம்பனை ஓலையிலிருந்து ஏதோ பறவை கிளம்பிப் பறந்தது.

அப்பா அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. கோயில் வாசலிலிருந்து எண்ணி எண்ணி அடிவைத்து நடந்துகொண்டிருந்தார். ஓர் இடத்தில் நின்று கைகாட்டி அழைத்தார். அங்கே புல்லும் உதிர்ந்த செம்பனைப் பழங்களும்தான் கிடந்தன.

"இதுதான் நம்ம வீட்டு வாசல். அவன அந்தக் கார இங்க கொண்டாரச் சொல்லு."