ஐந்தரை மணிப் பந்தி



நம் சபையின் மூத்த தம்பதியர் ஒருவர் அமெரிக்காவிலுள்ள தங்கள் மகனோடு உல்லாசக் கப்பலில் பயணம் செய்ய ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறார்கள். சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் அந்த அம்மா என் மனைவியிடம் வந்து, கடலைப் பற்றியோ குளிரைப் பற்றியோ கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையைப் பற்றியே கேட்டார்கள். "ஐந்து கரண்டி வைப்பார்களாமே, எதை முதலில் எடுப்பது? நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள் என்கிறார்களே, மெய்தானா?" சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மகளும் மருமகனும் எங்களைச் சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்கு ஏழு இரவுப் பயணம் அழைத்துச் சென்றதை அவர்கள் அறிவார்கள். பிள்ளைகள் அழைத்து இப்படிப் போகிறவர்கள் நம்மிடையே இப்போது பெருகியிருப்பதால், அந்த அம்மாவுக்குச் சொன்னதையும், அன்று சொல்ல நேரமில்லாமற்போனதையும் சேர்த்து இந்த வாரம் எழுதுகிறேன்.

முதலில் கரண்டிகள். அவற்றைக் குறித்து அஞ்சவேண்டியதே இல்லை. தட்டின் இருபுறமும் வரிசையாக வைத்திருப்பவற்றில் வெளியோரத்தில் இருப்பதை முதலில் எடுத்து, பதார்த்தம் மாறமாற உள்நோக்கி வரவேண்டும், அவ்வளவுதான். இடப்பக்கத்துச் சிறிய ரொட்டித்தட்டு உங்களுடையது, வலப்பக்கத்துக் கண்ணாடிக் குவளை உங்களுடையது. துணியை மடியில் விரித்துக்கொள்ளுங்கள். உண்டு முடித்ததும் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் ஒன்றோடொன்று சேர்த்து வைத்தால், "எடுத்துக்கொள்ளலாம்" என்று பொருள். கைதட்டியும் விரலைச் சொடுக்கியும் பரிமாறுகிறவரை அழைக்காதிருங்கள். எங்கள் பயணத்தில் இரண்டு மாலைகள் விசேஷ உடைக்கென்று குறிக்கப்பட்டிருந்தன. என் மனைவியின் காஞ்சிபுரம் சேலையைப் பார்த்துவிட்டு, கோட்டும் கழுத்துப்பட்டையுமாக நின்றவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஆகவே அதற்கும் கவலை வேண்டாம்.

நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

இரண்டாயிரம் மூவாயிரம் பயணிகளைச் சுமக்கிற கப்பலில் எல்லாரையும் ஒரே வேளையில் உட்காரவைக்கப் பிரதான உணவுக்கூடம் போதாது. ஆகையால் மாலைப் போஜனத்தை இரண்டு பந்தியாக நடத்துவது நெடுநாள் வழக்கம். அட்லாண்டிக்கைக் கடந்த பழைய பயணிகள் கப்பல்களில் இதற்கென்று சேகண்டி அடிப்பார்கள், எக்காளம் ஊதுவார்கள். 1912-இல் மூழ்கிய டைட்டானிக்கிலும் சாப்பாட்டுக்கு அழைக்க எக்காளம் ஊதுகிறவர் ஒருவர் இருந்தார். 2000-ஆம் ஆண்டில் நார்வீஜியன் குரூஸ் லைன் என்னும் நிறுவனம், விரும்பிய நேரத்தில் விரும்பிய இடத்தில் உண்ணலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. பின்னர் பிற நிறுவனங்களும் அதற்கு இடங்கொடுத்தன. ஆயினும் குறித்த நேரம், குறித்த மேசை என்னும் பழைய ஒழுங்கு இன்னும் பல கப்பல்களில் உண்டு. எங்கள் மகள் அதையே தெரிந்துகொண்டிருந்தாள். எங்கள் அட்டையில் 5.30 என்று நேரமும், மேசை எண்ணும் அச்சிட்டிருந்தன. எட்டு நாற்காலிகள் உள்ள வட்ட மேசை. நாங்கள் நால்வர், மற்ற நால்வர் யாரென்று முதல் மாலையில்தான் தெரியும். அதே எட்டுப் பேர்தான் ஏழு இரவும்.

இந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள் முதன்மையான இடங்களைத் தேடியதை நம் ஆண்டவர் கவனித்தார் என்று லூக்கா எழுதுகிறாரே, அந்தத் தொல்லை இங்கே இல்லை. உங்கள் எண் எதுவோ அதுவே உங்கள் இடம். (எல்லாக் கப்பலிலும் இப்படி என்று எண்ணிவிட வேண்டாம். குவீன் மேரி 2 போன்றவற்றில் நீங்கள் எந்த அறைக்குப் பணம் கட்டினீர்களோ, அதற்கேற்ற உணவகத்தில்தான் உங்கள் மேசை இருக்கும். முதன்மையான இடங்களை அங்கே பயணச்சீட்டே தீர்மானித்துவிடுகிறது.)

5.30 என்றால் 5.30. பரிமாறுகிறவர் எட்டுப் பேரிடமும் ஒருசேரக் கேட்டு எழுதிக்கொண்டு போவார். சமையற்கட்டிலிருந்து எட்டுத் தட்டுகளும் ஒருசேர வரும். எல்லாருக்கும் வந்தபின்பே கரண்டியை எடுப்பது மரியாதை. முதல் பதார்த்தம், சூப், பிரதான உணவு, இனிப்பு என்று அது நடந்துகொண்டே போகும். ஒரு நாற்காலி காலியாயிருந்தால் மற்ற ஏழு பேரும் வெறும் மேசையைப் பார்த்திருக்கவேண்டும். எங்கள் கப்பலில் கால்மணி நேரம் பார்த்துவிட்டுத் தொடங்கிவிடுவார்கள். அதற்குப்பின் வருகிறவரை யாரும் துரத்துவதில்லை. ஆனால் மற்றவர்கள் எந்தப் பதார்த்தத்தில் இருக்கிறார்களோ அதிலிருந்தே அவரும் சேர்ந்துகொள்வது முறை. இறைச்சி பரிமாறுகையில் வந்து உட்கார்ந்து சூப்பைக் கேட்கக்கூடாது.

எங்கள் மேசையில் ஒருவர் கேட்டார். நல்ல மனிதர், தாராளமாகப் பேசுவார், தம் புகைப்படங்களை எல்லாருக்கும் காட்டுவார். ஜூலை மாதத்தில் அந்த வடதேசத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. மேல்தளத்தில் நின்று திமிங்கலங்களைப் படம் பிடித்துவிட்டு, நாள்தோறும் ஐந்தே முக்காலுக்கும் ஆறுக்கும் இடையில் தம் மனைவியோடு வந்து சேர்வார். வந்து, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் வரவழைப்பார். நாங்கள் இனிப்பு முடித்தபின்னும் அவர்களுடைய தட்டுகள் வந்துகொண்டேயிருக்கும். "விடுமுறைக்குத்தானே வந்திருக்கிறோம், பணமும் கட்டியிருக்கிறோம்" என்பார். பரிமாறிய இளைஞர் புன்னகையோடு கொண்டுவந்து வைப்பார். அந்தப் புன்னகையில் ஒரு குறையையும் நான் காணவில்லை. ஆகையால் இது யாருக்கும் நஷ்டமில்லாத காரியம் என்றே எனக்கும் தோன்றிற்று.

அந்த இளைஞர் இந்தோனேசியாவில் ஜாவா தீவைச் சேர்ந்தவர். கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காத ஒருநாள் காலையில், காப்பி ஊற்ற வந்த அவரிடம், "நீர் எப்பொழுது சாப்பிடுவீர், தம்பி?" என்று கேட்டேன். இரண்டாம் பந்தி முடிந்து, மேசைகளைத் துடைத்து, காலை உணவுக்கு எல்லாவற்றையும் அடுக்கியபிறகு என்றார். பேச்சுவாக்கில் மற்றதையும் சொன்னார். முதல் பந்தி எழும்ப ஏழேகால் ஆகும். இரண்டாம் பந்தி ஏழேமுக்காலுக்கு. அந்த அரைமணி நேரத்துக்குள் அவரும் அவருடைய உதவியாளும் தங்கள் மூன்று மேசைகளிலும் விரிப்பை மாற்றி, 24 பேருக்குக் கத்தி, கரண்டி, குவளை எல்லாம் புதிதாக வைக்கவேண்டும். விரைந்து முடித்தால் ஐந்து நிமிடம் மிஞ்சும். அந்த ஐந்து நிமிடத்தில் வீட்டுக்குப் பேசுவாராம். அலாஸ்காவில் மாலை ஏழரை என்றால் ஜாவாவில் மறுநாள் காலை பத்தரை. மூன்று வயது மகன் விழித்து விளையாடிக்கொண்டிருக்கும் நேரம். இரவு வேலை முடிந்து பேசலாம் என்றால் பிள்ளை மத்தியானத் தூக்கத்தில் இருப்பான்.

"நேற்றுப் பேசினீரா?" என்றேன்.

"நேற்று இல்லை, சார். நாளைக்குப் பேசுவேன்" என்றார்.

எங்கள் மேசை நேற்று எழும்பியபோது மணி ஏழு நாற்பது.

கடற்பணியாளருடைய ஓய்வை உலகம் ஒரு சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2006-இல் நிறைவேற்றிய கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரமும், எந்த ஏழு நாளிலும் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு தரவேண்டும். அந்தப் பத்து மணியை இரண்டு பாகத்துக்குமேல் பிரிக்கவும் கூடாது. இந்தியாவும் 2015-இல் அதை ஏற்றுக்கொண்டது. நல்ல சட்டம். ஆனால் ஏழு நாற்பதுக்கு எழும்புகிற ஒரு மேசை விழுங்கிவிடுகிற ஐந்து நிமிடம் எந்தச் சட்டத்தின் கணக்கிலும் வராது. அதை அந்த மேசையில் இருக்கிறவர்கள்தான் கணக்கில் வைக்கவேண்டும்.

எட்டாவது, ஏழாவது நாற்காலிகளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவையும் ஒரு முதிய தம்பதியருக்கு உரியவை. முதல் மாலையில் அவர்கள் வரவேயில்லை. இரண்டாம் மாலை, ஐந்து ஐம்பதுக்கு, சக்கர நாற்காலியில் கணவரை வைத்துத் தள்ளிக்கொண்டு அந்த அம்மா வந்தார். பக்கவாதத்தால் அவருடைய வலது கை விழுந்திருந்தது. அவரை உடுத்துவிக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது; பிறகு லிஃப்ட். ஐந்தேகாலுக்கு எல்லாரும் ஒரே திசையில் போகும்போது, கதவு திறக்கிற ஒவ்வொரு லிஃப்டும் நிறைந்தே வரும். சக்கர நாற்காலிக்கு இடமிராது. ஐந்து லிஃப்டுகளை விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். உட்காராமலே நின்று எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார். "நாளை முதல் மேலே பஃபேயில் சாப்பிட்டுக்கொள்கிறோம். உங்களைக் காத்திருக்க வைக்கக்கூடாது" என்றார்.

ஒரே மேசை, ஏறக்குறைய ஒரே தாமதம். கடிகாரத்தை மாத்திரம் பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றே. பிரியமானவர்களே, கொரிந்து சபைக்கு ஏறக்குறைய கி.பி. 55-இல் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஆயினும் அது ஒரு சாப்பாட்டு நேரத்தைப் பற்றிய சண்டை என்பதை அந்த மேசையில்தான் உணர்ந்தேன். அக்காலத்து ரோம வீடுகளின் உணவறையில் மூன்று சாய்விருக்கைகள் இருக்கும். ஒன்றுக்கு மூவராக ஒன்பது பேர் சாய்ந்து உண்பார்கள். மற்றவர்களுக்கு முற்றந்தான். நேரத்தோடே வந்து சாய்ந்துகொள்ள யாரால் முடியும்? தன் பொழுது தன் கையில் இருக்கிறவனால் முடியும். அடிமைக்கும் கூலிக்காரனுக்கும் எஜமான் அனுப்பியபிறகே பொழுது. அவர்கள் வந்துசேரும்போது சிலர் குடித்து வெறித்திருந்தார்கள், வந்தவர்கள் பசியாயிருந்தார்கள். பவுல் தாமதமாய் வந்தவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. முந்தி உண்டவர்களையே கடிந்து, ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும்படி சொல்லுகிறார்.

ஆனாலும் காத்திருப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. நாங்கள் அந்த முதியவர்களுக்காக இருபது நிமிடம் காத்திருந்தால், அந்த இருபது நிமிடத்துக்கும் விலை கொடுப்பவர் ஜாவா தேசத்து இளைஞர்தான். ஒருவருக்குக் காட்டும் இரக்கத்தை வேறொருவருடைய பையிலிருந்து எடுத்துக் கொடுக்கலாகாது. என் மருமகன்தான் வழி கண்டார். அன்றிரவே மறுநாளைய பட்டியல் கிடைக்குமா என்று கேட்டு வாங்கி, அந்த அம்மாவிடம் காட்டி, இருவருக்கும் வேண்டியதைக் குறித்துக்கொண்டார். மறுநாள் 5.40-க்கு அவர்கள் சார்பில் அவரே சொல்லிவிட்டார். அவர்கள் வந்து அமர்ந்தபோது சூப்பும் வந்து சேர்ந்தது. ரொட்டிக்கூடையை மாத்திரம் அவர்கள் வருமட்டும் நாங்கள் யாரும் தொடவில்லை. அந்த இளைஞரும் தம் பங்குக்கு ஒன்று செய்தார், ஒருவரும் சொல்லாமலே. முதியவருடைய இறைச்சியைப் பரிமாறுமுன்பே சிறு துண்டுகளாக நறுக்கி, மற்ற தட்டுகளைப் போலவே அழகாக அடுக்கி, ஒரு வித்தியாசமும் தெரியாமல் கொண்டுவந்து வைத்தார். அதுவரை எல்லார் முன்னிலையிலும் அவர் மனைவி நறுக்கிக் கொடுக்க, அவர் தலைகுனிந்து உண்டுகொண்டிருந்தார்.

நம் திருநெல்வேலிச் சீமைக்காரருக்கு இதெல்லாம் புதிதல்ல. அசனப் பண்டிகையில் ஊர் முழுவதும் ஒரே சோற்றை உண்ணும்படி நம் முன்னோர் ஒழுங்கு செய்தார்கள். ஆனால் இன்று நம் கலியாண மண்டபங்களில் நடப்பது என்ன? உண்டுகொண்டிருப்பவருடைய நாற்காலியின் பின்னால் கைவைத்து நிற்கிறோம். கடைசிப் பந்தியில் பரிமாறின வாலிபருக்குப் பாயசம் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. கப்பலுக்குப் போகிறவர்களுக்குச் சொல்லுகிற புத்திமதியை நான் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மண்டபத்துக்குப் போகிறவர்களுக்கும் கொஞ்சம் உதவும் என்றே இதைச் சேர்த்தேன்.

வேதத்தில் கப்பலில் நடந்த ஒரு போஜனமும் உண்டு. கோதுமை ஏற்றிய அலெக்சந்திரியாக் கப்பல்; பதினான்கு நாள் புயல்; 276 பேர். காவற்சேவகர், மாலுமிகள், கைதிகள் எல்லாரும் பட்டினி. விடியற்காலத்தில் அந்தக் கைதிகளில் ஒருவனாகிய பவுல் அப்பத்தை எடுத்து, எல்லார் முன்னிலையிலும் ஸ்தோத்திரஞ்செய்து, பிட்டு உண்ணத் தொடங்கினான். அங்கே முதல் பந்தியும் இல்லை, இரண்டாம் பந்தியும் இல்லை. எங்கள் மேசையில் நான் முதல்நாள் மௌனமாய்த் தலைகுனிந்தபோது, பிற மேசைக்காரர் என்ன நினைப்பார்களோ என்று என் மனைவி கூச்சப்பட்டாள். மூன்றாம் நாள் முதல் அந்த முதியவரும் தம் இடது கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்தார்.

பயணம் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. பல கப்பல்களில் ஊழியருக்கான சேவைக் கட்டணத்தை நாள்தோறும் உங்கள் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அலுவலக மேடையில் சொன்னால் அதை நீக்கிவிடலாம் என்று உங்களுக்குச் சிலர் யோசனை சொல்வார்கள். கேளாதிருங்கள்.

புகைப்படக்காரர் கடைசி வரை அவருடைய நேரத்துக்கே வந்தார். ஆனால் நான்காம் நாள் முதல் அவருடைய மனைவி ஐந்தரைக்குத் தனியாக வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டார். "அவருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்" என்று பரிமாறுகிறவரிடம் தாமே சொல்லிவிடுவார். அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்ததோ, நான் கேட்கவில்லை. அன்று முதல் எங்கள் மேசை ஏழேகாலுக்கு எழும்பிற்று.

கடைசி மாலை ஐந்து இருபத்தைந்துக்கே நாங்கள் கீழே போனோம். கூடத்தின் கதவு அப்பொழுதுதான் திறந்தது. லிஃப்டின் கூட்டத்துக்கு முந்திக்கொள்ள நாலரைக்கே அறையைவிட்டுப் புறப்பட்டார்களாம். அந்த அம்மாவும் சக்கர நாற்காலியில் அவர் கணவரும் எங்களுக்கு முன்னே மேசையில் இருந்தார்கள். அவருக்குக் கழுத்துப்பட்டை கட்டியிருந்தது. ரொட்டிக்கூடை வந்திருந்தது, மூடிய துணி மூடியபடியே இருந்தது.